மேராவின் புரட்டாசி விடுமுறை

1. தலைக்கு வேலை கிடைத்த கதை

எங்கள் உணவகத்தின் முகநூல் பக்கத்தில் பேசுவது ஒரு மீன் தலை. இனி அந்தப் பக்கத்தை ஏற்று நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுவதால், முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். தலையின் பெயர் மேரா. இங்கே எல்லோரும் இக்கான் மேரா என்று சொல்கிற சிவப்பு மீனிலிருந்து வந்த பெயர். மேராவுக்கு உடம்பு கிடையாது. அது துண்டு துண்டாக வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது.

என் பெயர் கலாவதி. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கும் இந்த உணவகத்தில் சரக்கு ஆர்டர், ஷிஃப்ட் ரோஸ்டர், ஊழியர்களின் வேலை பெர்மிட் புதுப்பிப்பு எல்லாம் என் பொறுப்பு. எதுவும் வரிசையாக இருக்க வேண்டும் எனக்கு. மசாலா டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியது நான். லேபிள்கள் இருக்கும் டப்பாவுக்கு லேபிள் ஒட்டியதும் நான்தான்.

புரட்டாசி பிறப்பதற்குச் சில நாள் முன்னால் முதலாளி சேகர் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை பாஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

“அக்கா, போன புரட்டாசி ஞாபகம் இருக்கா?”

“இருக்கு பாஸ். ஈ கூட வரல.”

“ஈ வந்துச்சு லா. அது மட்டும்தான் வந்துச்சு.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “புரட்டாசி முடிஞ்சதும் ஜனங்க ஓடுறது பெரிய பெரிய கடைக்குத்தான். நம்ம சந்துக்குள்ள யாரும் நுழையறதில்ல. இந்தத் தடவை ஐப்பசி ஒண்ணாம் தேதி எல்லா டேபிளும் ஃபுல்லா இருக்கணும். இல்லன்னா மீன் தலைக்கறியை நிறுத்திட்டு பஃபே போட்டுடலாம். அந்தோணி பெர்மிட் ஐப்பசிலதானே முடியுது? ரினியூ பண்ண வேணாம்.”

அந்தோணி எங்கள் தலைக்கறிச் சமையல்காரர். தூத்துக்குடிக்காரர். மீன் தலைக்கறியைத் தவிர வேறெதுவும் அவருக்கு வேலையாகக் கொடுக்கப்பட்டதில்லை, கொடுத்தாலும் அதில் மீன் தலையைப் போட்டுவிடுவார்.

“மாசம் முழுக்க எல்லாரும் விரதம் பாஸ். யாருகிட்டப் போய் மீனைப் பத்திப் பேசறது?”

“அதுக்குத்தான் சோஷியல் மீடியா இருக்கே! பக்கத்தைப் பாத்துக்கிட்டிருந்த என் தங்கச்சி மகன் என்எஸ் போயிட்டான், இனி ரெண்டு வருஷம் பட்டாளம்தான். இனிமே நீங்க பாருங்க. பாஸ்வேர்ட் அனுப்புறேன்.”

அந்தோணியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதும் என் வேலையாகிவிட்டது. கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டார்.

“அக்கா, நான் இதை ஊர்ல என் சம்சாரத்துகிட்ட சொல்லப் போறதில்ல.”

“வீட்டுல கேட்டா?”

“நான் போனை எடுத்தாத்தானே கேப்பாங்க.”

2. வலைக்குள் ஒரு மீன்

நான் முதலில் எழுதியது இப்படி இருந்தது: ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே, எங்கள் உணவகத்தில் முன்பதிவு வசதி உள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ அதற்கு ஒரே ஒரு லைக் விழுந்தது. அது என்னுடையது.

அந்தோணி எட்டிப் பார்த்தார். “அக்கா, இது தண்ணி பில்லு மாதிரி இருக்கு.”

“வேற எப்படி எழுதறது? புரட்டாசில மீன்கறி விக்கறதுல என்ன சந்தோஷம் இருக்கு?”

அவர் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சிவப்புத் தலை வாயைத் திறந்தபடி இருந்தது. “ஊரே முகத்தைத் தொங்கப் போட்டிருக்கு. புரட்டாசில சிரிச்சுக்கிட்டிருக்கிறது இவரு ஒருத்தர்தான்.”

அவ்வளவுதான். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரட்டாசி மீனுக்கு விடுமுறை. விடுமுறை கிடைத்தால் யாரும் ஊர் சுற்றத்தான் போவார்கள். வாலும் துடுப்பும் இல்லாத தலை எங்கே சுற்றும்? இணையத்தைத்தான் சுற்றும்.

விரதம் இருப்பவர்களின் கண்ணில் குழம்புப் படம் படக் கூடாது என்பதால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். மாதம் முழுவதும் போட்டோ இல்லை. நீலப் பால்பாயிண்ட் பேனாவால் நானே மேராவை வரைந்து போடுவேன். என் ஓவியம் பலாக்கொட்டைக்குக் கண் வைத்தது போல இருக்கும். அதுவும் நல்லதாகப் போயிற்று, யாருக்கும் பசி எடுக்கவில்லை.

மேரா எழுதியவற்றில் சிலவற்றை இங்கே தருகிறேன். என்ன தொனியில் எழுத வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரியும்.

‘முதல் நாள். வலைத்தளத்துக்குப் போகலாம்னு சொன்னாங்க. வலைன்னு கேட்டதுமே என்கூட இருந்தவங்க பாதி பேரு ஓடிட்டாங்க. நான் ஓடல. ஓட வால் இல்ல.’

‘முகநூல் எனக்காகவே கட்டின வீடு மாதிரி இருக்கு. இங்க எல்லாருக்கும் முகம் மட்டும்தான். கழுத்துக்குக் கீழ என்ன ஆச்சுன்னு யாரும் யாரையும் கேக்கறதில்ல.’

‘லைக் போடக் கட்டைவிரல் வேணுமாம். செவுளால அழுத்திப் பார்த்தேன். ஒரே நேரத்துல பல பேருக்குப் போயிடுச்சு. அதுல ஒண்ணு பூனைப் படம். இனிமே கடலுக்குள்ள எப்படித் தலை காட்டுவேன்?’

‘லைவ்ல வரச் சொல்லிக் கேக்குறீங்க. நான் ஐஸ்ல இருக்கேன். லைவ்னு சொன்னா அது பொய்.’

‘ஸ்டேட்டஸ் ஒரு நாள்ல தானா மறைஞ்சிடுமாம். கடையில என்னைப் பத்தியும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காங்க.’

‘கவனம். “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, இந்த லிங்கைத் தொடுங்க”ன்னு செய்தி வரும். தொடாதீங்க. இதே மாதிரி ஒண்ணைக் கடல்ல தொட்டவன் சொல்றேன். சந்தேகமா இருந்தா என் உடம்பு எங்கன்னு பாருங்க.’

கடைசியாகச் சொன்னது பிய்த்துக்கொண்டு போனது. மோசடி லிங்குகளைப் பற்றி எத்தனையோ அறிவிப்புகள் வருகின்றன. ஆனால் பாதிக்கப்பட்டவரே நேரில் வந்து பேசியது இதுதான் முதல் தடவை என்று ஒருவர் எழுதியிருந்தார். எம்ஆர்டி ரயிலில் என் பக்கத்தில் நின்ற பெண் தன் தோழியிடம் அதை வாசித்துக் காட்டினாள். நான் குவீன்ஸ்டவுனில் இறங்க வேண்டியவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதில் அடுத்த ஸ்டேஷன் போய்விட்டேன்.

படித்தார்கள், சிரித்தார்கள், பகிர்ந்தார்கள். டேபிள் மட்டும் ஒருவரும் புக் செய்யவில்லை. பாஸ் தினமும் மேஜைமேல் விரலால் தட்டிக் கேட்பார்.

“அக்கா, உங்க மீனுக்கு ஃபேன்ஸ் இருக்காங்க. எனக்கு கஸ்டமர் வேணும் லா.”

விடாமல் பதில் எழுதியவர்களில் ஒருவர் கடலரசி. முகத்துக்குப் பதில் ஒரு படகுப் படம் வைத்திருந்தார். அவர் கேள்விகளெல்லாம் ஒரு தினுசாக இருக்கும்.

‘மேரா அண்ணே, உங்க சமையல்காரர் நேரத்துக்குச் சாப்பிடுறாரா?’

‘அவருக்குப் பசி எடுத்தா எனக்கு ஆபத்து. அதைக் கிளப்பாதீங்க’ என்று மேரா பதில் சொன்னார்.

‘படமா வரையுறீங்களே, ஒரு போட்டோ போடக் கூடாதா? ஓரத்துல சமையல்காரர் கை தெரிஞ்சாக்கூடப் போதும்.’

சமையலில் ஆர்வமுள்ளவர் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

3. மூன்றாம் சனிக்கிழமை

இனி வருவதை நிதானமாகப் படிக்கவும்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் நான் கோவில் அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போவேன். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதை நடத்துபவர் விமலா டீச்சர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் எங்களை இன்னும் வகுப்பிலிருந்து விடவில்லை. அன்று காலை எம்ஆர்டியில் போகும்போது குரூப்பில் கேட்டிருந்தார்: ‘கலா, இன்னிக்கு நீங்க என்ன கொண்டு வர்றீங்க?’

அதே நேரத்தில் பாஸுக்கும் ஒன்று அனுப்ப வேண்டியிருந்தது. ஐப்பசி முதல் நாள் போடுவதற்காக எடுத்து வைத்திருந்த போட்டோ. மண்சட்டி நிறையச் சிவப்புக் குழம்பு, வெண்டைக்காய், நடுவில் ஒரு முழுத் தலை. கூடவே ஒரு கேள்வி: ‘கண்ணு ரெண்டும் தெளிவா தெரியுதா? இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தணுமா?’

இரண்டு பதில்களையும் அனுப்பிவிட்டுக் கைப்பையை மூடினேன். பாஸிடமிருந்து உடனே ‘ஓகே லா’ என்று வந்தது. எதற்கு ஓகே என்று மேலே பார்த்தேன். பாஸுக்கு நான் அனுப்பியிருந்தது: ‘வாழை இலை ரெண்டு கட்டு.’

அப்படியென்றால் மீன் எங்கே போயிற்று?

விமலா டீச்சர் ‘இன்னிக்கு நீங்க என்ன கொண்டு வர்றீங்க’ என்று கேட்டதற்கு நேர் கீழே, புரட்டாசி சனிக்கிழமை அதுவுமாக, குழம்பில் மிதந்தபடி மேரா இருந்தார்.

படத்தை அழுத்திப் பிடித்தேன். நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்றேன். படம் மறைந்தது. குரூப் மறுபடியும் சுத்தமாகத் தெரிந்தது. யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிட்டோம் என்று பெருமூச்சு விட்டேன்.

நான் தொட்டது ‘எனக்கு மட்டும் நீக்கு’. இது எனக்குத் தெரிந்தது கோவில் சமையற்கூடத்தில்தான்.

“வாழை இலை கொண்டு வந்துட்டேன் டீச்சர்.”

“அது மட்டும்தானா?”

“வேற என்ன டீச்சர்?”

“இல்ல, குழம்பு ஊத்தணுமான்னு கேட்டிருந்தீங்களே.”

பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கத்திகள் எல்லாம் நின்றன. டீச்சர் தன் போனை என் பக்கம் திருப்பினார். இரண்டு கண்களும் மிகத் தெளிவாகத் தெரிந்தன.

மணியம் அண்ணன் எங்கள் குழுவிலேயே கண்டிப்பானவர். அவர் தொண்டையைச் செருமினார். “எழுந்ததும் பெருமாள் முகத்துல முழிக்கணும்னு போனைத் திறந்தேன். இது என்னைப் பாக்குது.”

“மன்னிச்சுக்குங்க அண்ணே, பாஸுக்கு அனுப்ப வேண்டியது...”

“இருங்க இருங்க.” மூலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். “இது மேரா இல்ல? லைவ் வர மாட்டேன்னாரே, அவருதானே? கலாக்கா, அந்தப் பக்கம் உங்களுதா?”

“மேராவா?” மணியம் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். “பூனைக்கு லைக் போட்டவனா இவன்? படத்துல பலாக்கொட்டை மாதிரி இருப்பான், நேர்ல லட்சணமா இருக்கானே!”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தது போல ஒரு சத்தம். டீச்சர் கரண்டியால் தட்டி வகுப்பை அடக்கினார்.

“போதும். கோவிலுக்குள்ள மீன் பேச்சு வேணாம். காயை வெட்டுங்க.”

எல்லோரும் குனிந்து வெட்டினோம். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன.

வேலை முடிந்து வெளியே செருப்பு வைக்கும் இடத்துக்கு வந்தோம். டீச்சர் நிதானமாகத் தன் செருப்புகளை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்ப சொல்லுங்க கலா. ஐப்பசி ஒண்ணாம் தேதி எங்க வீட்டு ஆளுங்க எட்டு பேருக்கு இடம் இருக்கா?”

“டீச்சர்!” மணியம் அண்ணன் பதறினார். “இன்னும் மாசம் முடியல.”

“சாப்பிடல மணியம். சொல்லி வைக்கிறேன். தீபாவளி முறுக்குக்கு இப்பவே சொல்லி வெச்சாச்சே, தின்னுட்டோமா?”

“இருந்தாலும் மனசுல...”

“முதல்ல இன்னொரு செருப்பையும் போடுங்க. உங்க ஒரு கால் இன்னும் கோவில்லதான் இருக்கு.”

அவர் குனிந்து காலைப் பார்த்தார். இன்னொரு செருப்பையும் மாட்டினார்.

“அப்ப எனக்கு ஒரு ஆறு பேரு.”

4. கால் இல்லாதவனுக்குச் செருப்பு

மறுநாள் மேரா தன் பக்கத்தில் ஒரு விதி அறிவித்தார். ‘கோவிலுக்குள்ள என்னைப் பத்திப் பேசாதீங்க. வெளிய வந்து ரெண்டு செருப்பையும் போட்டதுக்கு அப்புறம் பேசலாம். ஐப்பசி ஒண்ணாம் தேதிக்கு இடம் வேணும்னா சொல்லி வைங்க. சொல்லி வைக்கிறது சாப்பிடறது ஆகாதுன்னு ஒரு டீச்சர் தீர்ப்பு சொல்லியிருக்காங்க.’

மாட்டியாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சியாக யாரோ தன் செருப்புக் கால்களைப் போட்டோ எடுத்து அனுப்பி, நாலு பேருக்கு டேபிள் கேட்டார். அது போதுமாக இருந்தது. பக்கத்தின் இன்பாக்ஸில் செருப்புகள் வந்து விழ ஆரம்பித்தன. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, ஹீல்ஸ். துவாஸ் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து சேறு படிந்த சேஃப்டி பூட்ஸ் வரிசையாக, ‘பத்து பேர் அண்ணே, லீவு சொல்லியாச்சு’ என்ற குறிப்புடன். ஒரு கணவனும் மனைவியும் இடது செருப்பை அவரும் வலது செருப்பை இவரும் தனித்தனியாக அனுப்பி, ஒரே டேபிள் போதும் என்றார்கள்.

‘கால் இல்லாதவனுக்கு இத்தனை செருப்பா?’ என்று மேரா நெகிழ்ந்து எழுதினார்.

பாஸ் என் திரையைப் பார்த்துத் திகைத்துப்போனார். “அக்கா, நம்ம கடைப் பக்கமா இது? செருப்புக்கடை மாதிரி இருக்கு.”

“எல்லாம் புக்கிங் பாஸ்.”

“செருப்பா?”

“ஒவ்வொரு ஜோடியும் ஒரு டேபிள்.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். அதன் பிறகு விரலால் மேஜையைத் தட்டவில்லை.

5. யாரும் கரண்டியைத் தொடவில்லை

ஐப்பசி முதல் நாள் எல்லா டேபிளும் நிறைந்திருந்தன. பாஸ் வாசலில் நின்று வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து வரவேற்றார். விமலா டீச்சர் குடும்பத்தோடு நடு டேபிளில் இருந்தார். பக்கத்து டேபிளில் மணியம் அண்ணன்.

அந்தோணி முதல் சட்டியை அனுப்பினார். நானே கொண்டுபோய் வைத்தேன். ஆவி பறந்தது. டீச்சர் கரண்டியை எடுத்தார். உள்ளே பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“கலா, இதுதான் மேராவா?”

நான் என்ன சொல்வது? மேரா என்று சொல்ல வாய் வரவில்லை. மேரா இல்லை என்றால் ஏமாற்றியது போல ஆகிவிடும்.

“இத்தனை நாளா சிரிக்க வெச்சவரு” என்றார் டீச்சர். “முகத்தைப் பாத்துட்டு எப்படிம்மா?”

“ஸ்கேம் லிங்கைத் தொடாதீங்கன்னு சொன்னவரு டீச்சர்” என்றார் மணியம் அண்ணன். அவர் சட்டியும் தொடப்படாமல் இருந்தது. “அந்த வாரமே எனக்கு ஒண்ணு வந்துச்சு. இவரை நினைச்சுத்தான் தொடல.”

பேச்சு டேபிளுக்கு டேபிள் பரவியது. கடையில் இருந்த அத்தனை பேரும் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டிக்குள்ளிருந்து அத்தனை பேரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ் என் காதோரம் வந்தார். “அக்கா, டேபிள் ஃபுல். ஆனா யாரும் சாப்பிடல லா. இது எந்த மாதிரி பிசினஸ்? இப்படின்னா அந்தோணியை நான் எதுக்கு வெச்சிருக்கணும்?”

அவர் பின்னால் சமையலறைக் கதவு திறந்தது. துண்டில் கை துடைத்தபடி அந்தோணி நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. நேராக நடு டேபிளுக்குப் போனார்.

“டீச்சர், மேரா இன்னும் லீவுல இருக்காரு.”

“என்னது?”

“லீவை நீட்டிட்டாரு. துடுப்பு முளைக்குதான்னு பாத்துட்டு வர்றேன்னு சொன்னாரு.” சட்டியைக் காட்டினார். “இவரு ரிலீஃப்.”

ஷிஃப்டில் வேலை பார்த்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆள் லீவில் போனால் ரிலீஃப் வருவார். வந்தவர் வேலையைச் செய்துவிட்டுப் போவார்.

மணியம் அண்ணன் தன் சட்டியை மறுபடியும் பார்த்தார். “ரிலீஃபா? எங்ககிட்ட இவரு எதுவும் பேசினதில்லையே?”

“ஒரு வார்த்தை பேசினதில்ல. இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தாரு.”

“அப்ப சரி” என்று சொல்லி, கன்னச் சதையைக் கரண்டியால் வழித்து முதல் வாய் சாப்பிட்டார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “டீச்சர், ரிலீஃபே இப்படி இருந்தா...”

பிறகு கரண்டிச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. துவாஸிலிருந்து வந்த பத்துப் பேரில் ஒருவர் கண்ணை யார் சாப்பிடுவது என்று பக்கத்தில் இருந்தவரோடு சண்டை பிடித்து, “அது ரிலீஃபோட கண்ணுடா, குடுடா!” என்றது மட்டும் கேட்டது.

பாஸ் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பெர்மிட் ரினியூ போட்டாச்சா?”

“நீங்க சொல்லாம எப்படி பாஸ் போடறது?”

“இப்ப சொல்றேன்ல? போடுங்க லா, இப்பவே. பொத்தானை அழுத்துங்க.”

கையைக் கழுவித் துடைத்துவிட்டு அழுத்தினேன். அழுத்தும் முன் பெயர் அந்தோணிதானா என்று பார்த்துக்கொண்டேன்.

6. பாடம்

எதை அனுப்புவதாக இருந்தாலும் மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அன்று எம்ஆர்டியில் நான் ஒழுங்காகப் பெயர் பார்த்து அனுப்பியிருந்தால், வாழை இலை கோவிலுக்கும் மேரா பாஸுக்கும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்தோணி தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஆகவே பெயர் பாருங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன், கொஞ்சம் மெதுவான குரலில்.

பெர்மிட்டுக்கு அனுமதி வந்த காலையில், மேராவின் பக்கத்தில் முதன்முதலாக ஒரு போட்டோ போட்டேன். அடுப்பு, சட்டி, கரண்டியைப் பிடித்த ஒரு கை. மேரா எழுதினார்: ‘என் ரிலீஃபுக்குக் குழம்பு வெச்ச கை. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான் இருக்கும்.’

முதலில் பதில் எழுதியவர் கடலரசி.

‘மேரா அண்ணே, அந்தக் கை எங்க வீட்டுதுதான். பக்கத்துலயே ஒரு போன் இருக்கும். அதை எடுக்கச் சொல்லுங்க.’

இரண்டு தடவை படித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்த் திரையை அந்தோணியிடம் நீட்டினேன். அவர் படகுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். காது வரை சிவந்து, மேரா நிறத்துக்கு வந்துவிட்டார். அடுப்பைச் சிம்மில் வைத்தார், தன் போனை எடுத்தார், எண்ணைத் தொட்டார்.

அந்தப் பக்கம் மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“ஸ்டெல்லா” என்றார் அந்தோணி. “மேரா இல்ல. நான்தான்.”